பொருள் எங்கே வாங்கினாலும் கூலி ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கியர் சைக்கிளுக்கு ஆன்லைனில் செயின் வாங்கியிருக்கிறார். மாட்டித் தரச் சொல்லி இரண்டு கடைக்குப் போனதற்கு, 'எங்க வாங்கினீங்களோ அங்கேயே போய் மாட்டிக்குங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூன்றாவது கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்றார். ஆனால் கூலி 150 ரூபாய் கேட்டார். 'அதே கடையில் செயினையும் வாங்கினால் கூலி 50 ரூபாய்தானாம். இது பகல் கொள்ளை இல்லையா? செயின் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

அவர் போன கடைகளில் என்னுடையது இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்திருந்தால் நானும் அதே 150ஐத்தான் சொல்லியிருப்பேன். அதனால் பதில் சொல்ல வேண்டியவன் நானும்தான் என்று தோன்றியது.

நான் உறையூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா 1978ல் எட்டு வாடகை சைக்கிளோடு ஆரம்பித்த கடை. வாடகை சைக்கிள் காலம் போய்விட்டது. இப்போது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் அரசு சைக்கிள், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பெரிய சைக்கிள், விடியற்காலையில் முக்கொம்பு வரை ஓட்டிவிட்டு வருகிறவர்களின் கியர் சைக்கிள் என்று எல்லாமும் என் வாசலில் நிற்கின்றன.

முதலில் அந்த 50, 150 கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லக் கடைக்காரர்கள் கூச்சப்படுகிறோம், அதனால்தான் சண்டை வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை என் கடையில் எட்டு கியர் செயின் ஒன்றை 550 ரூபாய்க்கு விற்றேன். எனக்கு அது 430க்கு வருகிறது. லாபம் 120. மாட்டுகிற கூலி 50. ஆக 170 ரூபாய் கல்லாவில் விழும். கடை வாடகை, கரண்ட் பில், கூட வேலை செய்கிற பையனின் சம்பளம், என் வீட்டு அரிசி பருப்பு எல்லாம் இந்த மாதிரி 170களில்தான் ஓடுகின்றன. வாசகர் செயினைக் கையில் கொண்டுவந்தால் அந்த 120 வராது. வேலையோ அதே வேலை, நேரமோ அதே அரை மணி. அப்போதுதான் கடைக்காரர் 150 கேட்கிறார். அது அபராதம் இல்லை ஐயா, அந்த வேலையின் உண்மையான கூலியே அவ்வளவுதான். பொய்யாக இருந்தது அந்த 50. அந்தப் பொய்யை இத்தனை வருடமாகச் சொல்லி வந்தவர்கள் நாங்கள்.

ஏன் சொன்னோம் என்றால், அப்பா காலத்தில் கூலி என்று தனியாகக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். 'ரெண்டு நட்டு முடுக்கினதுக்குக் காசா?' என்பார்கள். பொருளுக்கு என்றால் தயங்காமல் கொடுப்பார்கள். அதனால் பிரேக் கட்டை விலையில் கொஞ்சம், டியூப் விலையில் கொஞ்சம் என்று கூலியைப் பொருளுக்குள் ஒளித்துவைத்தார் அப்பா. எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். பொருளையும் உள்ளூர்க் கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்று இருந்தவரை இது பிரச்சினை இல்லாமல் ஓடியது. இப்போது பொருள் தனியாக வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஒளித்துவைத்திருந்த கூலி வெளியே தெரிகிறது, பார்க்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பொருளை வேறு இடத்தில் வாங்கி வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பது நமக்குப் புதுப் பழக்கமா என்ன? துணியைப் பெரிய கடை வீதியில் எடுத்துவிட்டுத் தையல்காரரிடம் கொடுக்கிறோம். 'துணியை ஏன் என்னிடம் வாங்கவில்லை?' என்று எந்தத் தையல்காரரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன் சீட்டு எழுதித் தருகிறார், நாம் போய் வாங்கி வருகிறோம். கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டர் சாமான் பட்டியல் தருகிறார், காந்தி மார்க்கெட்டில் வாங்கிப் போடுகிறோம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஏனென்றால் அவர்களுடைய கூலி ஆரம்பத்திலிருந்தே தனிக் கூலி. அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள்: எலக்ட்ரீஷியனும் சமையல் மாஸ்டரும் முதலில் பட்டியல் எழுதுகிறார்கள், நாம் அதன்பிறகுதான் வாங்குகிறோம். சைக்கிள் விஷயத்தில் மட்டும் வாங்கிவிட்டு வந்து 'இதை மாட்டுங்க' என்கிறோம். பாதித் தகராறு இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

போன மாதம் ஒரு அம்மா பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் ஒரு டயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளின் லேடீஸ் சைக்கிளுக்காக ஆன்லைனில் வாங்கியது. சைக்கிளை முந்தின நாளே மகள் கொண்டுவந்து விட்டிருந்தாள். 'பழசுலயும் 26 போட்டிருக்கு, புதுசுலயும் 26 போட்டிருக்கு, சரியாத்தானே வாங்கியிருக்கேன் தம்பி?' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் மேல் தப்பே இல்லை. இரண்டிலும் 26 என்றுதான் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். பழைய டயரில் 37-590. புதியதில் 50-559. அந்த மூன்று இலக்கம்தான் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஒன்று மட்கார்டு போட்ட பழைய மாதிரி சைக்கிளுக்கு, மற்றது மவுண்டன் சைக்கிளுக்கு. 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு அங்குலத்துக்கும் மேலே. டயர் லீவரை எத்தனை போட்டு நெம்பினாலும் ஏறாது.

வாங்கும் முன் ஒரு போன் செய்திருந்தால் அந்த எண்ணைப் படிக்கச் சொல்லிச் சரியான டயரைச் சொல்லியிருப்பேன். அதற்குக் காசு வாங்க மாட்டேன். 'உங்ககிட்ட வாங்காம வெளியில வாங்குறதுக்கு உங்ககிட்டயே கேட்டா கோவிச்சுக்குவீங்களோன்னு நினைச்சேன்' என்றார் அந்த அம்மா. அதைக் கேட்டபோது எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. வெளிப்படையாகக் கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபம் வந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல படிப்பு, நல்ல வேலையில் இருக்கிற ஒருவர் கியர் சைக்கிளை ஒரு புதன்கிழமை கொண்டுவந்தார். மிதிக்கும்போது நடுவில் கடகட என்று சத்தம். பி.பி. செட், அதாவது பெடல் கைகள் சுழல்கிற நடு அச்சும் அதன் பேரிங்கும், போய்விட்டது. 'கழட்டிப் பார்த்து அளவு மட்டும் சொல்லுங்கண்ணே' என்றார். பெடல் கையை இரண்டு பக்கமும் இழுத்து எடுக்க வேண்டும், அதற்குத் தனி டூல். செயின் பக்கத்துக் கப் தலைகீழ் மரை, அதாவது நாம் வழக்கமாகக் கழற்றும் பக்கம் சுற்றினால் இன்னும் இறுகும். அன்றைக்கு அது துருவேறிப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, நீளக் குழாயைப் பிடியில் சொருகி, பையன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள நான் தொங்கி, ஒரு வழியாக அசைந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஸ்கேல் வைத்து 68க்கு 122 என்றேன், அதாவது அச்சு உட்காரும் குழாயின் அகலம் 68 மில்லிமீட்டர், அச்சின் நீளம் 122. அவர் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். 'சரிண்ணே, இப்போதைக்குப் பழசையே மாட்டிடுங்க, சனிக்கிழமை வர்றேன்' என்றார். மாட்டிக் கொடுத்தேன். முக்கால் மணி நேர வேலை. காசு எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சனிக்கிழமை என்னிடம் வாங்குவார் என்ற நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறையக் கூட்டம் இருக்கிற நேரத்தில், பார்சல் பெட்டியோடு வந்தார். 'பொருள் இருக்கு, மாட்டுறது மட்டும்தான், ஒரு 50 ரூபாய் கொடுத்துடறேன்' என்றார்.

அளவு பார்ப்பதும் வேலைதான். அதைத்தான் அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்கு விலை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நானும் புதன்கிழமை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: கழற்றி அளவு பார்க்க 80 ரூபாய், பொருளை என்னிடமே வாங்கினால் அதை விலையில் கழித்துக்கொள்வேன். கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அந்த இரண்டு கடைக்காரர்கள் ஏன் தொடவே மாட்டேன் என்றார்கள் என்பதையும் வாசகர் புரிந்துகொள்ள வேண்டும். பேசிய விதம் தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பயம் உண்மையானது. 2019ல் ஒரு கல்லூரி மாணவர் ஹேண்டில் ஸ்டெம் ஒன்று கொண்டுவந்தார், ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு சேர்த்துப் பிடிக்கிற துண்டு அது. பார்க்கப் பளபளவென்று அலுமினியம். முன்தட்டில் நாலு போல்ட். எல்லா ஸ்டெம்மையும் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது போல்ட்டில் அலன் கீ திடீரென்று லேசாகச் சுற்றியது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த உணர்வு தெரியும், கைக்கு முன்னால் வயிறு சொல்லிவிடும். மரை கழன்றுவிட்டது. போல்ட்டை வெளியே எடுத்தால் அதன் புரிகளில் அலுமினியம் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மட்டமான உலோகம். 'நீங்க ஓவரா முடுக்கிட்டீங்க' என்றார் மாணவர். நான் வாங்கிய பொருளாக இருந்தால் டீலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி மாட்டியிருப்பேன், என் கையிலிருந்து போவது ஒன்றுமில்லை. இது யாரிடம் கொண்டுபோவது? விற்றவர் யார் என்றே தெரியாது. கடைசியில் 450 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். கூலி வாங்கவில்லை.

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளைத் தயாரித்தவர், விற்றவர், அதில் வேலை செய்து கொடுத்தவர் மூவருடைய பொறுப்பும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. என் வேலையில் குறை என்றால் நான் பொறுப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் பொருளே சரியில்லை என்றால் அதை விற்றவரிடம்தானே கேட்க வேண்டும்? வாடிக்கையாளருக்கு விற்றவர் போனில் இருக்கிறார், நான் கண்ணெதிரே இருக்கிறேன். எதிரே இருக்கிறவனிடம் கேட்பது சுலபம்.

சரி, வாசகரின் செயினுக்கு வருவோம். செயின் மாட்டுவது ஐந்து நிமிட வேலை என்று அவர் எழுதியிருந்தார். புதுச் செயின் வேண்டியதைவிட நீளமாக வரும். பழைய செயினோடு வைத்துக் கண்ணி எண்ணி வெட்ட வேண்டும். ஒரு கண்ணி கூடுதலாக வெட்டினாலும் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது கியர் பிய்ந்துவிடும். அதற்கு முன்னால் பழைய செயினின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அரை நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல் தள்ளிவிட்டதென்றால் பின்னால் இருக்கிற பல்சக்கரங்களும் தேய்ந்துபோயிருக்கும். அந்தத் தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது தாவும். காவிரிப் பாலத்தில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறார், செயின் தாவுகிறது, கால் நழுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக என்னிடம் வந்து 'நீங்க மாட்டினதிலேர்ந்துதான் இப்படி' என்பார். 'பல்சக்கரமும் மாத்தணும் சார்' என்று முதலிலேயே சொன்னால், வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைப்பார். எங்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

எங்கள் பக்கத்துத் தப்புகளை மறைக்க விரும்பவில்லை. டூப்ளிகேட் பிரேக் கட்டையை ஒரிஜினல் என்று கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கழற்றிய பழைய பொருளைக் காட்டாமல் பெட்டியில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு எண்ணூறு சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் போனில் விலை பார்த்ததும் அறுநூறுக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு தடவை ஏமாந்தவர் வெளியில் வாங்காமல் என்ன செய்வார்? 2020ல் ஊரடங்கு தளர்ந்ததும் ஆளாளுக்குப் பரணிலிருந்த சைக்கிளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். லூதியானாவிலிருந்து எங்களுக்குச் சரக்கு ஒழுங்காக வரவில்லை. 'ஆன்லைனில் கிடைத்தால் வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன்' என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். பழக்கிவிட்டதும் நாங்கள்தான். பதினொரு கியர் செயின், டிஸ்க் பிரேக் தட்டு, நல்ல ரேசிங் டயர் இதெல்லாம் என் மாதிரிச் சின்னக் கடையில் இருப்பு வைக்கவும் முடியாது. அதை வெளியில் வாங்குகிறவர் எனக்குத் துரோகம் செய்யவில்லை. அந்த வேலையாவது எனக்கு வருகிறதே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கல் கழிந்த கையோடு, கடை முகப்பில் ஒரு கூலிப் பலகை எழுதி மாட்டினேன். டயர் மாற்ற 80. வீல் கோட்டம் எடுக்க 120. கியர் செயின் மாட்ட 130. பி.பி. மாற்ற 250. ஓவராயில் முழுசாக 600. கடைசி வரியில், 'பொருள் எங்கே வாங்கினாலும் கூலி இதே' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னேன். கூலியை ஏற்றியபோது பொருள் விலையை இறக்கினேன். இல்லாவிட்டால் அது ஏமாற்று வேலை. 550க்கு விற்ற செயின் இப்போது 475. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆனால் கேட்கிறவருக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிகிறது.

முதல் இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. 'டயர் மாத்த 80ஆ?' என்று நாலு கடை தள்ளிப் போனவர்கள் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அந்தப் பலகையைப் பார்க்காமல்தான் வாங்குகிறேன், அது வேறு. ஆனால் சண்டை நின்றுவிட்டது. கூட வேலை செய்கிற பையன் முகத்திலும் ஒரு தெளிவு. முன்பெல்லாம் பார்சல் பெட்டியோடு ஒருவர் வந்தால் அவன் உள்ளே போய்விடுவான், நான் என்ன சொல்வேனோ என்று. இப்போது அவனே பெட்டியை வாங்கிப் பிரித்து, பொருளைத் திருப்பிப் பார்த்து, 'இது உங்க சைக்கிளுக்குச் சேரும்ணே' என்றோ சேராது என்றோ சொல்கிறான்.

சில வேலைகளுக்கு இன்றும் மறுத்துவிடுகிறேன். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), ஸ்டெம், பிரேக் இந்த மூன்றிலும் பொருளைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வராவிட்டால் எத்தனை கூலி கொடுத்தாலும் மாட்ட மாட்டேன். காரணத்தைப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே காட்டிச் சொல்வேன். மாட்டிய பொருளுக்கு நான் கேரண்டி இல்லை, மாட்டிய வேலைக்கு ஒரு மாதம் நான் பொறுப்பு என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். பொருந்தாமல் போனால் பார்த்த நேரத்துக்குப் பாதிக் கூலி. இதெல்லாம் கறாராகத் தெரியலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பதை இந்த இரண்டு வருடத்தில் பார்த்துவிட்டேன்.

பாலக்கரை அம்மா அந்த டயரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 590 என்ற எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் சரியான டயரோடு வந்தார். அதையும் ஆன்லைனில்தான் வாங்கியிருந்தார். பலகையைப் பார்த்து 80 ரூபாயைத் தானே எண்ணி வைத்தார். பழைய டயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், பேரன் உருட்டி விளையாட.

மற்றக் கடைக்காரர்களையும் இப்படி ஒரு பலகை எழுதி மாட்டும்படி உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தகரமும் கொஞ்சம் பெயிண்டும்தான் செலவு.

ஸ்ரீரங்கத்து வாசகருக்கு: செயின் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறதென்றால் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், கூட்டமாக இருக்கும். மற்ற நாளில் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சைக்கிளோடு வாருங்கள், பழைய செயினைக் கழற்றிவிடாதீர்கள், ஸ்கேல் வைத்துப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
உறையூர், திருச்சி.